வெறும் சட்டம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு லக்ஷ்மி படம் மாட்டியிருந்தது. ரவிவர்மா படத்தின் பழைய அச்சு. பாட்டி கல்யாணமாகி வந்தபோது கூடவே கொண்டுவந்தது என்று சொல்வார்கள். தினமும் காலையில் குளித்துவிட்டு வந்ததும் பாட்டி அதற்குப் பூச் சாத்துவாள். அதற்குப் பிறகுதான் காப்பி. ஒரு மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஏறி ஆணி தளர்ந்துவிட்டது. படம் கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கிற்று. கண்ணாடி மாற்றக் கடைக்குக் கொடுத்தனுப்பினார்கள். கடைக்காரர் இன்று தருகிறேன், நாளை தருகிறேன் என்று மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டார்.

அந்த மூன்று வாரமும் பாட்டி என்ன செய்தாள் தெரியுமா? சுவரில் புதிதாக அடித்திருந்த வெறும் ஆணியில் பூவை மாட்டிவிட்டு, அதன் எதிரில் நின்று கண்ணை மூடிக் கைகூப்பினாள்! நான் அப்போது காலேஜில் சேர்ந்த புதுசு. இங்கர்சாலைப் பாதி படித்துவிட்டு உலகத்தை முழுக்கப் புரிந்துகொண்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த வயசு.

"என்ன பாட்டி, ஆணிக்கெல்லாம் பூ வைக்கிறே?" என்று கேட்டேன்.

"படம் கடைக்குப் போயிருக்கு. அவ எங்கேடா போயிட்டா?" என்றாள் பாட்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இந்தப் பதிலை வெகு காலம் வரையில் ஒரு வேடிக்கைத் துணுக்காகவே சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். போலந்து தேசத்துச் சரித்திரத்தைப் படித்த பிறகு, சொல்வதை நிறுத்திவிட்டேன்.

பாட்டியின் ஆணிக்கும் போலந்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் போலந்துக்குப் போனவன் அல்ல. அந்தத் தேசத்துக்கு என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போனது ஒரு நாவல். ஹென்ரிக் சென்கீவிச் என்ற போலிஷ் நாவலாசிரியரின் பெயர் நம்மவர்களுக்குப் புதிதல்ல. 'க்வோ வாடிஸ்' எழுதியவர். 1905-ம் வருஷம் நோபல் பரிசு பெற்றவர். ஆனால் அவருடைய சொந்த ஜனங்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது அவர் போலந்தைப் பற்றி எழுதிய மூன்று சரித்திர நாவல்களைத்தான். அவற்றில் நடுவாக நிற்பது 'பிரளயம்' என்ற நாவல். 1884 முதல் 1886 வரை வார்ஸாவில் ஒரு பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டு தடித் தொகுதிகள். ஒரு கோடை விடுமுறையில், மாம்பழக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டையும் படித்து முடித்தேன்.

பிரளயம் என்பது வெள்ளமல்ல. ஸ்வீடன் தேசத்துப் படையெடுப்பு. 1655-ம் வருஷம் ஜூலையில் ஸ்வீடன் அரசர் பத்தாவது கார்ல் குஸ்தாவின் சைன்யம் போலந்துக்குள் புகுந்தது. செப்டம்பரில் வார்ஸா விழுந்தது. அக்டோபரில் கிராக்கோ நகரமும் விழுந்தது. போலந்து அரசர் யான் காசிமிர் எல்லை தாண்டிச் சைலீசியாவுக்கு ஓடினார். பிரபுக்கள் பலர் வாளை உருவக்கூட இல்லை. வந்தவனே ராஜா என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். தேசம் முழுவதும் முழுகிப்போன சமயத்தில், தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்ற சில இடங்களுள் ஒன்று ஒரு மடாலயம்.

சென்ஸ்டொஹோவா என்ற ஊரில் ஒரு சுண்ணாம்புக் கல் குன்று இருக்கிறது. அதற்கு 'யாஸ்னா கூரா' என்று பெயர்; பிரகாசமான மலை என்று அர்த்தம். 1382-ல் ஹங்கேரியிலிருந்து வந்த பவுலைன் துறவிகள் அங்கே மடம் கட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த மடத்துக்கு ஒரு மாதா படம் வந்து சேர்ந்தது. எலுமிச்சை மரம் என்று மேனாட்டார் சொல்லும் லிண்டன் மரத்துப் பலகையில் எழுதிய படம். (நம் எலுமிச்சைக்கும் அதற்கும் ஒரு உறவும் கிடையாது.) உயரம் 122 சென்டிமீட்டர், அகலம் 82 சென்டிமீட்டர். ஒரு சாதாரண ஜன்னல் கதவு அளவுதான். மாதாவின் இடது கையில் குழந்தை. வலது கை குழந்தையைச் சுட்டிக் காட்டுகிறது. இரண்டு முகங்களும் கறுத்திருக்கின்றன. அதனால் உலகம் அவளைக் கறுப்பு மாதா என்கிறது. புனித லூக்காவே திருக்குடும்பத்தின் சாப்பாட்டு மேஜைப் பலகையில் எழுதிய படம் என்பது ஐதிகம்.

மாதாவின் வலது கன்னத்தில் இரண்டு நீளமான வெட்டுக் காயங்கள் தெரியும். 1430-ம் வருஷம் ஈஸ்டர் பண்டிகையின்போது கொள்ளைக்காரர்கள் மடத்துக்குள் புகுந்து, படத்திலிருந்த நகைகளைப் பிடுங்கிக்கொண்டு, பலகையை உடைத்து எறிந்துவிட்டார்கள். உடைந்த படத்தைக் கிராக்கோவுக்கு, யாகெய்வோ அரசரின் சபைக்கு, எடுத்துச் சென்றார்கள். அரண்மனை ஓவியர்கள் வர்ணம் பூசப் பூச அது வழிந்து ஓடிவிட்டது என்று மடத்துக் கதை சொல்கிறது. கடைசியில் பழைய பலகையிலேயே படத்தைப் புதிதாக எழுதினார்கள். எழுதி முடித்த பிறகு, பழைய காயத்தை மறந்துவிடக் கூடாது என்று கூரான கருவியால் கன்னத்தில் அந்தக் கோடுகளைத் தாங்களே கீறிவைத்தார்கள்.

இந்த இடத்திலேயே நான் கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். ஜனங்கள் இன்று கும்பிடுவது பழைய பலகை. ஆனால் புதிய முகம். காயம்கூட நிஜக் காயமல்ல, காயத்தின் ஞாபகம். ஆனால் அப்போது எனக்கு யோசிக்க ஏது நேரம்? கதை என்னை இழுத்துக்கொண்டு ஓடியது.

1655 நவம்பர் 18-ந் தேதி ஜெனரல் முல்லர் என்பவர் தலைமையில் ஸ்வீடிஷ் படை மடத்தைச் சூழ்ந்துகொண்டது. முதலில் வந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். பிறகு மூவாயிரத்துக்கு மேல் ஆகிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் சுமார் 160 சிப்பாய்கள், எழுபது துறவிகள், குடும்பத்தோடு தஞ்சம் புகுந்த சில பிரபுக்கள், அவ்வளவுதான். மடாதிபதி அகஸ்டின் கொர்டெட்ஸ்கி என்பவர் கோட்டைக் கதவைத் திறக்க மறுத்தார். பேச்சு வார்த்தை என்று நாட்களைக் கடத்தினார். உள்ளே இருந்தவர்கள் ராத்திரி வேளையில் வெளியே பாய்ந்து எதிரியின் பீரங்கிகளை நாசம் செய்துவிட்டுத் திரும்பினார்கள். டிசம்பரில் பெரிய பீரங்கிகள் வந்தன. மதில் நின்றது. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் இரவு முல்லர் முற்றுகையைக் கைவிட்டுப் படையோடு புறப்பட்டுப் போய்விட்டார். நாற்பது நாள் முற்றுகை!

சென்கீவிச் இதை எழுதியிருக்கிறாரே, அதைப் படிக்க வேண்டும்! குண்டுகள் விழும்போது கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒலிக்கிற கீர்த்தனமும், மதிலைச் சுற்றி வருகிற ஊர்வலமும், நடுநாயகமாகக் கோயிலுக்குள்ளே எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கிற கறுப்பு முகமுமாக அந்த அத்தியாயங்கள் கண்முன் நிற்கின்றன. அந்த முகம் அங்கே இருக்கிறது என்பதனால்தான் நூற்றுக் கணக்கானவர்கள் ஆயிரக் கணக்கானவர்களை எதிர்த்து நின்றார்கள் என்று நாவல் நம்மை நம்ப வைக்கிறது. நானும் நம்பினேன்.

பல வருஷங்கள் கழித்துச் சரித்திரப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: முற்றுகையின்போது அந்தப் படம் மடத்தில் இல்லவே இல்லை!

முல்லர் வருவதற்குச் சில நாட்களுக்கு முன்பே, நவம்பர் முதல் வாரத்தில், கொர்டெட்ஸ்கி அதை ரகசியமாக வெளியே அனுப்பிவிட்டார். முதலில் லுப்லினியெட்ஸ் என்ற ஊருக்கும், அங்கிருந்து எல்லைக்கு அப்பால் சைலீசியாவில் க்வொகூவெக் என்ற ஊருக்குப் பக்கத்திலிருந்த மற்றொரு பவுலைன் மடத்துக்கும் படம் போய்ச் சேர்ந்தது. சென்ஸ்டொஹோவாவில் பீடத்தின் மேல் இருந்தது ஒரு பிரதி. அது மட்டுமா? நாவலில் மலைபோல நிற்கிற அதே கொர்டெட்ஸ்கி, நவம்பர் மாதத்தில், ஸ்வீடன் அரசரை எஜமானராக ஏற்றுக்கொள்வதாக ஒரு கடிதமும் எழுதியிருக்கிறார். நாளைக் கடத்துவதற்காகச் செய்த தந்திரம் என்று சரித்திராசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எனக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தைச் சொல்லி முடியாது. நானும் கதை எழுதுகிறவன்தான். கதைக்காகக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பது எங்கள் தொழிலில் சகஜம். ஆனால் கதையின் உயிர்நிலையே காணாமற் போயிருந்தால்?

அன்று இரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. யோசிக்க யோசிக்க, ஏமாற்றம் மெல்ல மெல்ல வேறொன்றாக மாறிற்று. ஓர் ஆபத்து வருகிறது. வீட்டிலுள்ள விலைமதிப்பற்ற பொருளை முதலில் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். குழந்தையை அண்டை ஊருக்கு அனுப்பிவிட்டுப் பெற்றவர்கள் வீட்டைக் காக்க உட்காருவதில்லையா? கொர்டெட்ஸ்கி செய்தது அதுதான். படம் தங்களைக் காப்பாற்றும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. படத்தைத் தாம் காப்பாற்றிவிட்டு, பிறகு மதிலில் ஏறி நின்றார். அப்படி நிற்க அவருக்குத் தைரியம் கொடுத்தது எது? பலகை அங்கே இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியுமே!

முற்றுகையின் ராணுவ முக்கியத்துவம் அற்பந்தான் என்கிறார்கள். ஸ்வீடிஷ் துருப்புகளின் கொள்ளையும், அவர்கள் விதித்த வரியும் ஏற்கெனவே ஜனங்களைக் கொதிக்க வைத்திருந்தன. ஆனால் மாதா கோயிலைப் பீரங்கியால் அடித்தார்கள், அது விழவில்லை என்ற செய்தி ஊர் ஊராகப் பரவியபோது, அடங்கிக் கிடந்த கோபத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. அரசர் திரும்பி வந்தார். 1656 ஏப்ரல் 1-ந் தேதி ல்வூவ் நகரத்துப் பேராலயத்தில் முழந்தாளிட்டு, மாதாவைப் போலந்தின் அரசியாகப் பிரகடனம் செய்தார். கூடவே, குடியானவர்களை வாட்டும் அநியாயச் சுமைகளை நீக்குவதாகவும் சபதம் செய்தார். முதல் வாக்கு நிலைத்தது. இரண்டாவது வாக்குக் காற்றோடு போயிற்று. பிரபுக்களின் நிலத்தில் குடியானவன் பழையபடியே முதுகொடிந்தான். பக்தியின் சரித்திரத்தை எழுதுகிறவன் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பிறகு போலந்துக்கு இன்னும் பெரிய பிரளயம் வந்தது. ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. 1795 முதல் 1918 வரை உலகப் படத்தில் போலந்து என்ற தேசமே கிடையாது. சென்கீவிச் 'பிரளயம்' எழுதியது அந்தக் காலத்தில்தான். மனம் சோர்ந்து கிடக்கும் ஜனங்களுக்குத் தெம்பூட்டவே அந்த மூன்று நாவல்களையும் எழுதியதாக அவரே குறிப்பிட்டிருக்கிறார். இல்லாத தேசத்தைப் பற்றி அவர் கதை எழுத, இருக்கிறாற்போல ஜனங்கள் படித்தார்கள். அவர் படத்தை மடத்துக்குள்ளேயே வைத்து எழுதியது ஏன் என்பது அப்போது எனக்குப் புரிந்தது. அவர் மீதிருந்த கோபமும் போய்விட்டது.

இனி நான் சொல்லப் போவது நாவல் அல்ல. முழுக்க முழுக்க நம் காலத்துச் சரித்திரம். ஆனால் எந்த நாவலாசிரியனும் இப்படிக் கற்பனை செய்யத் துணிய மாட்டான்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்து போலந்தில் கம்யூனிஸ்டு சர்க்கார் ஏற்பட்டது. 1953-ல், சர்ச்சின் பதவிகளுக்கு யாரை நியமிப்பது என்பதும் எங்கள் அதிகாரத்துக்குட்பட்டதே என்று சர்க்கார் உத்தரவு போட்டது. போலந்துத் திருச்சபையின் தலைவர் கர்தினால் ஸ்டெஃபான் விஷின்ஸ்கி, அதற்கு இணங்க முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம் செப்டம்பர் 25-ந் தேதி இரவு அவரைக் கைது செய்தார்கள். அந்தக் கலவரத்தில் அவர் வீட்டு நாய் வந்தவர்களில் ஒருவரைக் கடித்துவிட்டது. கர்தினால், தம்மைக் கொண்டுபோக வந்தவருடைய காயத்தைக் கவனித்துவிட்டுத்தான் புறப்பட்டாராம்.

மூன்று வருஷம் இடம் மாற்றி இடம் மாற்றிக் காவலில் வைத்தார்கள். அந்த இடங்களில் ஒன்று ப்ருட்னிக். அது, 1655-ல் ஓடிப்போன அரசர் தங்கியிருந்த க்வொகூவெக்குக்கு மிகவும் சமீபம். முன்னூறு வருஷங்களுக்கு முன் ராஜ்யத்தை இழந்த அரசர் உட்கார்ந்து யோசித்த அதே பிரதேசத்தில், இப்போது சுதந்திரத்தை இழந்த ஒரு துறவி உட்கார்ந்து யோசித்தார். ல்வூவ் சபதத்துக்கு 1956-ல் முன்னூறு வருஷம் பூர்த்தியாகிறது. அதை மறுபடியும் செய்தால் என்ன? இந்த முறை ராஜா அல்ல, ஜனங்களே செய்யட்டும். பிறகு அவரைக் கொமாஞ்ச்சா என்ற மலையோரக் கிராமத்துக்கு மாற்றினார்கள். அங்கே 1956 மே 16-ந் தேதி அந்தச் சபதத்தை எழுதி முடித்தார். காகிதம் ரகசியமாக வெளியே போயிற்று.

1956 ஆகஸ்டு 26-ந் தேதி யாஸ்னா கூராவின் அடிவாரத்தில் சுமார் பத்து லட்சம் ஜனங்கள் கூடினார்கள். ஒரு மேற்றிராணியார் சபதத்தை வாசிக்க, கூட்டம் திருப்பிச் சொல்லிற்று. விஷின்ஸ்கி உட்கார வேண்டிய ஆசனம் போட்டிருந்தது. அதில் ஆள் இல்லை. ஒரு பூச்செண்டு மட்டும் வைத்திருந்தார்கள். வெள்ளையும் சிவப்புமான மலர்கள், போலந்துக் கொடியின் வர்ணங்கள். பத்து லட்சம் பேரும் அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொமாஞ்ச்சாவில், தம் அறையில் இருந்த மாதா படத்துக்கு முன்னால் நின்று, கர்தினாலும் அன்றைக்கு அதே வாசகங்களைச் சொன்னார். இரண்டு மாதத்தில் அவரை விடுதலை செய்துவிட்டார்கள்.

வெளியே வந்த கர்தினாலுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. சென்ஸ்டொஹோவாவுக்கு வர முடியாதவர்கள் எத்தனையோ பேர். மாதாவே அவர்களிடம் போகட்டுமே! மூலவர் மலையிலேயே இருக்க, உற்சவர் வீதியில் எழுந்தருளுவது நமக்குப் பழக்கமான விஷயம். அது மாதிரிதான். லியொனார்டு டோர்விர்ட் என்ற ஓவியர் மூலப் படத்துக்கு ஒரு பிரதி எழுதினார். 1957 மே மாதம் ரோமாபுரியில் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் அதை ஆசீர்வதித்தார். அந்த ஆகஸ்டில் படம் யாத்திரை புறப்பட்டது. ஒரு பங்குக் கோயிலில் ஒரு பகல், ஓர் இரவு. மறுநாள் அடுத்த பங்கு. படம் வருகிற கிராமத்தில் ஜன்னல்தோறும் விளக்கு. வெகு காலமாகப் பேசாமலிருந்த அண்ணன் தம்பிகள் பேசினார்கள். கோயில் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றார்கள்.

1966-ல் போலந்து ஞானஸ்நானம் பெற்று ஆயிரம் வருஷம் நிறைவெய்தியது. சர்க்காருக்கு அது தர்மசங்கடமாகிவிட்டது. திருச்சபை ஞானஸ்நானத்தின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினால், கொமுல்காவின் கட்சி போலந்து ராஜ்யத்தின் ஆயிரமாவது ஆண்டைப் போட்டியாகக் கொண்டாடிற்று. மே 3-ந் தேதி யாஸ்னா கூராவில் நடந்த விழாவுக்கு வர விரும்பிய போப்பாண்டவர் ஆறாம் பாலுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. போலந்துக்காரர்கள்தாம் இதற்குள் பாடம் படித்தவர்களாயிற்றே! போப்பாண்டவருக்காக ஓர் ஆசனத்தைப் போட்டு, அதை வெறுமையாகவே விட்டு, அவர் உருவப்படத்தையும் மலர்களையும் வைத்தார்கள்.

படம் போகிற இடமெல்லாம் கூட்டம் சேருவதைச் சர்க்காரால் பொறுக்க முடியவில்லை. 1966 செப்டம்பர் 2-ந் தேதி, வார்ஸாவிலிருந்து நிலக்கரிச் சுரங்கப் பிரதேசமான காட்டோவிட்சேக்குப் படம் போய்க்கொண்டிருக்கையில், போலீஸார் வண்டியை மறித்தார்கள். படத்தை யாஸ்னா கூரா மடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இனி இது இந்த மதிலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. மடத்து வாசலில் காவல். வெளியே போகும் வண்டிகளுக்குச் சோதனை. ஒரு மாதா படத்தை அரெஸ்டு செய்து காவலில் வைத்த சர்க்காரை அதற்கு முன்னும் பின்னும் நான் கேள்விப்பட்டதில்லை.

அத்துடன் யாத்திரை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. படம் இல்லாவிட்டால் படத்தின் சட்டம் இருக்கிறதே! காட்டோவிட்சேக்கு அந்த வெறும் சட்டம் போயிற்று. அதோடு ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு சுவிசேஷப் புத்தகமும் போயின. அதே விளக்குகள், அதே மாலைகள், அதே ஊர்வலம். நாலு பேர் தோளில் தூக்கி வந்தார்கள். ஜனங்கள் தெருவில் முழந்தாளிட்டார்கள். எதற்கு? நாலு மரக்கட்டைகளுக்கு நடுவே தெரிந்த வெறுமைக்கு!

தமிழில் 'சட்டம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. சர்க்கார் கையில் ஒரு சட்டம் இருந்தது. ஜனங்கள் தோளில் ஒரு சட்டம் இருந்தது. இரண்டில் எது கனமானது என்பது போகப் போகத் தெரிந்தது. படம் வந்தபோது வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட, வெறும் சட்டம் வந்தபோது அழுதார்கள். படத்தைப் பார்க்கிறவனுக்கு மாதாவின் ஞாபகம் மட்டும் வரும். வெறும் சட்டத்தைப் பார்க்கிறவனுக்கு மாதாவின் ஞாபகமும் வரும். அவளை யார் எடுத்துப் போனார்கள் என்ற ஞாபகமும் வரும். போலீஸார் தங்களை அறியாமலே ஒரு புதிய படத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதை எப்படி அரெஸ்டு செய்வது? சட்டத்தை எடுத்துப் போனால் ஆணி இருக்கும். ஆணியைப் பிடுங்கினால் சுவர் இருக்கும்.

இதைப் படித்தபோதுதான் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர் என் கண்முன் வந்து நின்றது.

ஒரு விஷயம் எனக்கு விநோதமாகப் படுகிறது. விக்கிரகத்தையும் படத்தையும் வணங்குகிறவர்களை, மரத்தையும் கல்லையும் நம்புகிறவர்கள் என்று பரிகாசம் செய்வது அறிவாளிகளின் வழக்கம். நானும் செய்தவன்தான். ஆனால் போலந்தில் மரப்பலகையை நம்பியது யார்? பலகையைப் பூட்டி வைத்துவிட்டால் பக்தியைப் பூட்டிவிடலாம் என்று நம்பியது, கடவுளே இல்லை என்று சொன்ன சர்க்கார். முழந்தாளிட்ட குடியானவனும் சுரங்கத் தொழிலாளியும் பலகை இல்லாமலே சமாளித்துக்கொண்டார்கள்.

ஏறக்குறைய ஆறு வருஷம் அந்த வெறும் சட்டம் போலந்து முழுவதும் சுற்றிற்று. கிராக்கோ மேற்றிராசனத்துக்கும் அது போயிற்று. அங்கே அதை எதிர்கொண்டு அழைத்தவர் கரோல் வொய்த்திவா. பின்னால், 1978-ல், இரண்டாம் ஜான் பால் என்ற பெயரோடு போப்பாண்டவர் ஆனவர் இவரே.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். படம் அநாவசியம், நினைவே போதும் என்று ஒரு தத்துவத்தைச் சொல்லிக் கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் சரித்திரம் கட்டுரையாசிரியர்களின் சௌகரியத்துக்காக நடப்பதில்லை.

யூசெஃப் வூய்ச்சிக் என்று ஒரு பாதிரியார். பல தடவை சிறை சென்று வந்தவர். சாண்டோமியெஷ் மேற்றிராசனத்தில் யாத்திரை ஆரம்பமாக இருந்தது. அங்கேயும் வெறும் சட்டந்தான் வரப்போகிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. 1972 ஜூன் 13-ந் தேதி, வேறொரு பாதிரியாரும் இரண்டு கன்னியாஸ்திரீகளும் துணை நிற்க, யாஸ்னா கூராவுக்குள் போய்ப் படத்தை ரகசியமாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்பட்டமாகச் சொன்னால், திருடிக்கொண்டு வந்துவிட்டார்! ஐந்து நாள் மறைத்து வைத்திருந்தார்கள். ஜூன் 18-ந் தேதி ராடோம் நகரத்தில் யாத்திரை தொடங்கியபோது, வெறும் சட்டத்தை எதிர்பார்த்து வந்த கூட்டத்துக்கு முன்னால் கறுப்பு முகம் தோன்றிற்று. சர்க்கார் அதை மறுபடியும் பிடிக்க முயலவில்லை. அதற்குள் கொமுல்கா பதவி இழந்திருந்தார். அந்த யாத்திரை 1980 வரை நடந்தது. அதே வருஷம் க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் செய்த லெக் வலேசாவின் சட்டைமேல் அந்த முகம் ஒரு சிறு வில்லையாக இருந்தது. 1983-ல் தமக்குக் கிடைத்த நோபல் பதக்கத்தை அவர் யாஸ்னா கூராவிலேயே காணிக்கையாகச் செலுத்திவிட்டார்.

வூய்ச்சிக் பாதிரியார் என் தத்துவத்தை உடைத்துவிட்டார். வெறும் சட்டம் போதுமென்றால், அவர் ஏன் உயிரைப் பணயம் வைத்துப் படத்தை எடுத்து வர வேண்டும்? ஜனங்கள் ஏன் அப்படி ஆனந்தக் கண்ணீர் விட வேண்டும்?

இதற்கு விடை சொல்லவும் என் பாட்டிதான் வந்தாள்.

மூன்று வாரம் கழித்து லக்ஷ்மி படம் புதுக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தது. ஆணிக்குப் பூ வைக்கத் தெரிந்தவளுக்கு இனி இந்தப் படம் எதற்கு என்று நான் கேலி செய்யத் தயாராகக் காத்திருந்தேன். பாட்டி படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். வெகு நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வாரத்துல எப்படி இளைச்சுப் போயிட்டா பாருடா!" என்றாள்.

அன்று நான் சிரிக்கவில்லை. கேலி செய்ய வாய் வரவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை. இப்போது கொஞ்சம் தெரிகிறது. தூரதேசம் போன பிள்ளை எங்கேயோ நன்றாக இருக்கிறான் என்ற நம்பிக்கையிலேயே ஒரு தாய் வருஷக் கணக்கில் உயிர் வாழ்ந்துவிடுவாள். அதற்காக, அவன் வாசற்படியில் வந்து நிற்கும்போது, நீ வராவிட்டாலும் பாதகமில்லை என்றா சொல்வாள்?